கறுப்புக் கட்லட்

"இதென்ன, றோஸ்?"

ஃபிரீசர் கதவைத் திறந்தபடி கணவர் சூசைரட்ணம் கேட்டார். கையில் ஃபொயில் பேப்பரில் சுற்றிய பொட்டலம்.

றோஸுக்கு நெஞ்சு பக்கென்றது.

உள்ளே இருந்ததும் பக்தான். ஐஸ் ஹொக்கியில் அடிபடுகிற, உள்ளங்கை அளவு கறுப்பு ரப்பர் வட்டுகள். சும்மா போட்டால் ஐஸில் துள்ளுமாம். உறைய வைத்தால்தான் வழுக்கி ஓடுமாம். மகள் கரோலினாவின் அணியில் பெற்றோர் முறைவைத்துச் சம்பளமில்லாமல் செய்கிற டுக்னாட் என்ற பொதுவேலையில், இந்த மாதம் பக் உறைய வைக்கிற வேலை இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. எல்லிங்ஸ்ருட் என்கிற இந்தக் குளிர் ஊரில் ஒரு தமிழ் ஃபிரீசரில் இடம் எங்கே இருக்கும்? விளைமீனுக்கும் இறாலுக்கும் நடுவில்தான்.

"கட்லட்," என்றாள் றோஸ்.

மகள் ஹொக்கி விளையாடுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அவள் முதன்முதலில் கேட்ட அன்றைக்கே, பல்லுப் போன பிள்ளையை எவன் கட்டுவான் என்று ஒரு கத்துக் கத்தி விஷயத்தை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் கோயிலில் பாட்டுப் பழக்கம் என்று தாயும் மகளும் சொல்லி வைத்திருந்தார்கள். மட்டையும் கவசமும் சிநேகிதி வீட்டுக் கீழறையில். அவருக்கும் சனியில் ஓவர்டைம். வசதியாகப் போயிற்று.

றோஸ் ஒருநாளும் அந்த ஐஸ் மண்டபத்துக்குப் போனதில்லை. பக் பறப்பதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கில்லை. யன்னலோரம் நின்று, பனி கொட்டுவதைப் பார்த்தபடி நினைத்துக்கொள்வாள். வெள்ளை வெளேரென்று ஒரு தரை. அதில் ஓடுகிற ஒரு கறுப்புப் புள்ளி. அதன் பின்னால், கால் தரையிலேயே படாதவள் போல அவளுடைய பிள்ளை. சத்தமே இல்லாமல். அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் வரை அந்தக் கனவு ஓடும்.

இன்றோடு அதுவும் சரி.

"கட்லட்டோ? அப்ப நாலைப் பொரியுமன். தேத்தண்ணியோடை நல்லா இருக்கும்."

"அது... ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் குடுக்கவெண்டு செய்தனான்."

"நாலு குறைஞ்சால் சனம் பட்டினி கிடக்குமோ?"

அறை வாசலில் கரோலினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கறுப்பு வட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார்.

துணியொன்றை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். மேல்தட்டில், ஐஸ்கிறீம் பெட்டிக்குப் பக்கத்தில் கவனமாக அடுக்கினார்.

"மீனோடை வையாதையும், றோஸ். போன சனி மணக்குதெண்டு மற்றப் பிள்ளையள் மூக்கைப் பொத்திச் சிரிச்சவை. இவள் ரண்டு கோல் அடிச்ச பிறகுதான் வாயை மூடினவை."