சத்தத்துக்குக் கொஞ்சம்

“உருளைக்கிழங்கு வறுவலையும் விடல, கொழுப்பும் பாதியா குறைஞ்சிருக்கு. எப்படிம்மா?” என்று டாக்டரம்மா கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

வறுவல் இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மனிதர் அவள் கணவர். அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்த பிறகும் அந்தப் பிடிவாதம் மாறவில்லை.

“இவருக்கு நாக்குக்கு முன்னாடி காதும் மூக்கும் சாப்பிடணும் டாக்டர். எண்ணெய் ‘சொய்ங்’னு சத்தம் போடணும், வாசனை ஹாலுக்கு வரணும். அதனால தினமும் ஒரு சட்டி நிஜமாவே பொரிப்பேன். இவர் தட்டுல வைக்கிறது மட்டும் எண்ணெய் படாம ஓவன்ல சுட்டது!”

“அடிப்பாவி! இத்தனை மாசமா என் காதுல பூவா சுத்திக்கிட்டிருந்தே?” கணவர் கோபிக்கப் பார்த்தார், சிரிப்புதான் வந்தது.

“சுத்தலைன்னா அந்தப் பூவை உங்க மேல வச்சிருப்பாங்க!”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு தாளை எடுத்தார். “துணைக்கு வந்த உங்களுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தோமே, இது உங்களோடது. அவர்கிட்ட குறைஞ்சதெல்லாம் இங்கே ஏறியிருக்கு.”

“இருக்காது டாக்டர்!” கணவர் பதறினார். “என் தட்டுலேருந்து இவ ஒரு துண்டுகூட எடுக்கமாட்டா.”

“அது சரி. நிஜமாப் பொரிக்கிற அந்தச் சட்டியை தினமும் என்னம்மா பண்றீங்க?”

கணவரும் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.