டம்ளருக்குள் ஒரு சீட்டு

பிரார்த்தனைக் கூடத்து ஜன்னல் வெயில் சிமெண்டுத் தரையில் சதுரம் சதுரமாகக் கிடக்கிறது. எச்ஐவி தடுப்பைப் பற்றி இளையவர்கள் பெயர் எழுதாமல் போட்ட கேள்விச் சீட்டுகளைக் காணிக்கைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறாள் நர்ஸ் அக்கா. பாட்டுக்குழுப் பெண்ணின் சீட்டும் அதற்குள்தான் இருக்கிறது. பெயரைத்தான் மறைத்தாள், கையெழுத்தை மறைக்கத் தோன்றவில்லை. சுவர் முழுக்க அவள் அதே நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தொங்கவிட்ட பாட்டுத் தாள்கள். பின்வரிசையில் அவளுடைய அம்மா.

"அம்மாவுக்குத் தெரியாம எங்க ரத்தப் பரிசோதனை பண்ணலாம்?" என்று வாசித்து நிறுத்துகிறாள் நர்ஸ் அக்கா. "யாரு அந்த மகராசி?" சபைச் செயலாளர் மாமா கை நீட்டுகிறார். "சீட்டை இப்படிக் குடும்மா. எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்." நர்ஸ் அக்காவின் கண் சீட்டிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்புகிறது. "நான்தான் எழுதினேன் மாமா," என்கிறாள். " யாரும் வாயைத் திறக்கலைன்னா என்ன செய்யறது?" "உங்கம்மா போய்ச் சேந்து பத்து வருஷமாச்சேம்மா." "அந்தத் தைரியத்துலதான் மாமா கேட்டேன்." கூடமே சிரிக்கிறது, மாமாவின் கை தானாகத் தாழ்கிறது. சிரிப்பு அடங்குவதற்குள் நர்ஸ் அக்கா சொல்கிறாள்: "வெள்ளிக்கிழமை காலையில இங்க பின் ரூம்ல பரிசோதனைக்கு இருப்பேன். பேரு கேக்கமாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்." அவள் மடித்த சீட்டு மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் விழுகிறது. நீலம் நூல் நூலாகப் பிரிகிறது. பெண் துப்பட்டாவுக்குள் விரல்விட்டு எண்ணுகிறாள். இந்த ஞாயிறிலிருந்து வெள்ளிக்கு ஐந்தே நாள். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது.