குதிரைக்குக் களையெடுத்தவர்

ரங்கூனில் துரை பங்களாவின் கூடத்தில் ஒரு படம் தொங்கியது. பச்சை மலைச்சரிவில் புல்லைச் செதுக்கி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு மண் தெரியும்படி உண்டாக்கிய பெரிய குதிரை. அது இருப்பது துரையின் சொந்த ஊரான இங்கிலாந்தின் வில்ட்ஷையரில். களையெடுக்காவிட்டால் புல் மூடிவிடும், சண்டைக்குப் போனவர்கள் திரும்பாததால் எடுக்க ஆளில்லை என்று தோட்டக்காரர் செல்லக்கண்ணுவிடம் துரை ஒருநாள் சொன்னார்.

அதிலிருந்து தினமும் விடியும்போதே செல்லக்கண்ணுவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ரங்கூன் மண் சிவப்பு. அவருடைய களைக்கொத்தியில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

"தோட்டமே புல்லு மண்டிக் கிடக்கு. எங்கதாங்க வேலை செய்யிறீங்க?" என்றாள் மனைவி தைலம்மாள்.

லீவில் ஊருக்குப் போய்த் திரும்பிய துரை, குதிரை பளிச்சென்று இருப்பதாகவும், களையெடுத்தது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

செல்லக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"பக்கத்து மலைகள்ல இன்னும் ஏழு இருக்காம், தைலம்" என்றார்.