ஆளுக்கொரு பேனா

வெள்ளைத் துணியில் சுற்றிய கைத்தடி மேசைமேல் நீளமாகக் கிடந்தது. கொண்டுவந்தவர் துணியை விலக்கிய பதவிசைப் பார்த்ததுமே பேனாக்காரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினாள்.

"மூணு பேனா வேணும்மா. பிள்ளைங்க மூணு பேரு. ஆளுக்கு ஒண்ணு."

"அப்பா நினைவா வச்சுக்கறதுக்கா சார்?"

"ஆமா. எழுத எடுக்கும்போதாவது அப்பா நினைப்பு வரட்டுமே."

இப்படி வருகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல. தொட்டில் கால், தையல் மெஷின் பலகை, கிரிக்கெட் மட்டை என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் கடைந்து பேனாவாக்கிக் கொடுப்பாள். துக்க வீட்டுக்காரர்களிடம் துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

இவர் தலைக்குச் சாயம் அடித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். இறந்தவருக்குத் தம்பியோ மைத்துனரோ என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். தடியை விட்டு நகர மனசில்லை போலிருக்கிறது, பாவம்.

"எப்போ வேணும்?"

"ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வர்றாங்க. மூத்தவன் வந்தா சின்னவனுக்கு லீவு இல்ல. சின்னவன் வந்தா பொண்ணுக்குத் தோதுப்படாது. இப்படியே ஆறு வருஷம் போச்சு. இந்தத் தடவை மூணு பேரும் வந்தே ஆகணும்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு நாள்தான் இருப்பாங்க."

"சனிக்கிழமை தந்துடறேன். ஆனா ஒண்ணு சார். அறுத்தா அறுத்ததுதான். துளை போடறப்போ விரிசல் விட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுக்கிட்டு..."

"யோசிச்சாச்சும்மா. என் கண்ணு முன்னாடியே அறுத்துடுங்க. திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா மனசு மாறிடும்."

"மூணு பேனாவுக்குப் பாதித் தடி போதுமே. மீதி?"

"மீதி வைக்காதீங்க. எல்லாத்தையும் துண்டு துண்டா அறுத்துடுங்க."

ரம்பம் மரத்தில் இறங்கியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசித் துண்டு விழுந்ததும், வாசலில் காத்திருந்த டாக்சி டிரைவர் உள்ளே வந்து தோளைத் தொட்டு அழைத்துப்போனார். செத்தவருக்கு ரொம்ப வேண்டியவர் என்று பேனாக்காரம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பேனாவுக்கென்று எடுத்துவைத்த மூன்று துண்டுகளோடுதான் குடித்தனம். நடுவே துளை போட்டு, பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு லேத்தில் பூட்டினாள். உளி பட்டதும் மேலே இருந்த கறுப்பெல்லாம் சுருள் சுருளாக உதிர்ந்து, உள்ளே சிவப்பு ரேகை தெரிந்தது.

பிடிப் பக்கத்துத் துண்டு மட்டும் ஒரு புறமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. கடைந்தால்தான் உருண்டையாகும், கடைந்தாள். ஒரு மனிதனின் உள்ளங்கை பதிந்த இடம் காலடியில் தூளாக விழுந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் லேத்தைச் சும்மா சுற்றவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சும்மா சுற்றவிடுவது அவளுக்கு வழக்கம்தான். லேத் ஓடினால் வீட்டில் யாரோ இருப்பதுபோல இருக்கும். அயலூரிலிருந்து கரண்டு பில்லைக் கட்டும் மகள், "என்னம்மா, இவ்வளவு ஆர்டரா?" என்று போனில் சந்தோஷப்படுவாள். "சாப்பிட்டியா, உடம்பு பரவாயில்லையா, சரி வச்சுடறேன்" என்பதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்துவிடும்.

கொடுத்துவைத்த மனுஷன், போன பிறகாவது மூணு பிள்ளைகளும் ஒன்றாக வந்து நிற்கிறார்களே என்று நினைத்தாள். அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது. செத்தவர்மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று சிரிப்பும் வந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பாள்.

சனிக்கிழமை காலையில் டிரைவர் அவரை மேசைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டியை ஓரங்கட்டப் போனார். அவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்தார்.

"மூணும் ஒரே மாதிரி இருக்கும்மா. சண்டை வராது."

"இந்தாங்க, இது பிடிப் பக்கத்து மரம். நல்லாத் தேய்ஞ்சிருந்தது. ரொம்ப வருஷம் இதை ஊணிக்கிட்டு நடந்திருப்பார் போல."

"பதினோரு வருஷம்."

இந்த ஒன்றைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"எப்போ சார் தவறினார்?"

அவர் பேனாக்களைச் சட்டைப் பையில் செருகுவதற்காக மேசையிலிருந்து கையை எடுத்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேனாக்காரம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நிதானப்பட்டு, தன் கையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"யாரும் தவறலைம்மா. அது என் தடிதான். அது இருந்த வரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கையைப் பிடிச்சதில்ல."