வெறும் மாத்திரை

"டப்பாவை மாத்திக்குவோம்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில், மேசைக்கடியில் தன் மாத்திரை டப்பாவை நீட்டினார் நடேசன்.

அண்ணாதுரை மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "உன்னுது அசல், என்னுது டம்மின்னு யாருடா சொன்னது? டாக்டருக்கே தெரியாதாம்."

"டாக்டர் எதுக்கு? நான் பூன் லேயில எங்க அடுக்குமாடி புளோக்கையே சுத்தி வர்றேன். நீங்க லிஃப்ட் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு தடவை உக்கார்றீங்க!"

இருவருக்கும் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். மருத்துவமனையில் அதற்கு ஒரு புதிய மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது ஓராண்டு முடிந்த பிறகுதான் தெரியும்.

"நீங்க இழுத்துட்டு வந்ததாலதான் நான் இந்த ட்ரையல்ல சேர்ந்தேன். ஒரே ஒரு மாசம் என்னுதச் சாப்பிடுங்க லா."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். பாதி வழியில ரூட்டை மாத்தினதே இல்ல."

அண்ணாதுரையின் மகள் திவ்யதர்ஷினி தேநீர்த் தட்டுடன் வந்தாள். நடேசன் அவசரமாக டப்பாவைப் பைக்குள் ஒளித்தார்.

"கொடுத்து வச்சவருண்ணே நீங்க. லீவு போட்டுட்டுக் கூடவே வர்ற பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?"

ஆறு மாதம் கழித்து, சோதனையின் ஓராண்டு முடிந்ததும் முடிவு வந்தது. சேர்ந்தே கேட்கிறோம் என்று இருவரும் டாக்டர் ரிஸ்வான் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"நோய் முத்தறதை மருந்து நல்லாவே தடுக்குது. நடேசன் அங்கிள், உங்களுக்குக் கிடைச்சது அசல்." டாக்டர் தயங்கினார். "அண்ணாதுரை அங்கிள், உங்களுக்கு வெறும் மாத்திரை. சாரி."

நடேசன் உடைந்துபோனார். "தலைதலையா அடிச்சுக்கிட்டேனேண்ணே! மாத்தியிருக்கலாமே!"

"மாத்தியிருந்தா டாக்டரால இவ்வளவு உறுதியாச் சொல்ல முடியுமாடா?" அண்ணாதுரை எழுந்து டாக்டரின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப நன்றி டாக்டர். ரொம்ப ரொம்ப நன்றி."

டாக்டருக்குப் புரியவில்லை. "இனிமே உங்களுக்கும் அசல் மாத்திரை தர ஏற்பாடு பண்றோம் அங்கிள்."

"எனக்கு மெதுவாக் கொடுங்க." கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த மகளைத் தோளோடு அணைத்து உள்ளே அழைத்துவந்தார் அண்ணாதுரை. "இவளுக்கும் இதே நோய்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் டாக்டர், நான் உங்க ட்ரையலுக்குப் பேர் கொடுத்தேன்."