கதவு திறக்காத வரை

என் கைப்பட்டையும் துரைக்கண்ணு அண்ணன் கைப்பட்டையும் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. தனியாக இருக்கும் அவருக்கு இந்த வாரம் என்ன தேவை என்பதில், வீடு தேடி வரும் மனநல நர்ஸான நானும் அவரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் அந்த அதிர்வு நிற்கும். வெளியே போக எனக்குக் கதவும் அப்போதுதான் திறக்கும்.

"தூக்க மாத்திரையைக் கூட்டணும்ணே. ராத்திரியெல்லாம் நடக்கிறீங்கன்னு பட்டை சொல்லுது."

"வேண்டாம் சிஸ்டர்."

"அப்போ குறைச்சிடலாமா?"

"அதுவும் வேண்டாம்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. மணிக்கட்டு மரத்தே போய்விட்டது. போன வாரம் சாப்பாட்டில் தகராறு, அதற்கு முந்தின வாரம் குளியலில்.

"உங்களுக்கு என்னதான்ணே வேணும்? சொல்லுங்க, அதையே நானும் சொல்லித் தொலைக்கிறேன்!"

அவர் அடுப்பில் டீக்குப் பால் வைத்தார். இரண்டு டம்ளரைக் கழுவினார்.

"நாம ஒத்துப்போயிட்டா கதவு திறந்துடும் சிஸ்டர். நீங்க போயிடுவீங்க."

பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் முடியாதுண்ணே. மாத்திரையைக் கூட்டியே தீரணும்."