ஒன்றரை மணிப் படம்

ஜன்னல் வெயிலில் கணினித் திரை பாதி வெளிறிக் கிடக்கிறது. திருவனந்தபுரத்தில், செயற்கைக்கோள் படங்களில் காட்டுத்தீயைக் கவனிக்கும் சிறிய அறை. இசக்கிசெல்வியின் நாற்காலியில் மாடம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். செல்வி பக்கத்தில் நிற்கிறாள். திரையில் பொன்முடிப் புல்மேடு, அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி, புள்ளியிலிருந்து மேற்கே நரைமுடிபோல் இழையும் புகை. போன ஞாயிறு, பொழுது சாயும் நேரத்தில், அந்தத் தீயில்தான் மாடம்மாளின் கணவர், தீக்காவல் வாட்சர் தாணு, சிக்கி இறந்தார்.

“அவரு நின்ன எடத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கு மோளே.”

“இதுக்கு மேல ஆகாதுக்கா. கட்டம் கட்டமா உடஞ்சிரும்.”

மாடம்மாள் சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாள். புகை அப்படியே இருக்கிறது. படத்தின் அடியில் மலையாளத்தில் ஒரு வரி: ‘நாமே வைத்த தீ. எச்சரிக்கை வேண்டாம்.’ தீ பரவாமலிருக்க வாட்சர்கள் முன்கூட்டியே புல்லை எரித்துக் கோடு போடும் நாள் அது என்று வனத்துறை அனுப்பிய பட்டியலில் இருந்தது. காற்று பலமாக இருந்ததால் வேலையைத் தள்ளிவைத்ததை யாரும் சொல்லவில்லை. நாலரைக்குப் படம் வந்தபோது செல்வியும் போன் போட்டுக் கேட்கவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். மாடம்மாளுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

“இது எப்ப எடுத்தது?”

“பகல் ஒண்ணரைக்கு.”

“ஒண்ணேமுக்காலுக்கு எனக்கு போன் போட்டாரு. சோறு தின்னியான்னு கேட்டாரு.” மாடம்மாள் புள்ளியின் ஓரத்தில் விரலை வைக்கிறாள். “அப்போ இதுல அவரு உயிரோடதான நிக்காரு?”

“ஆமாக்கா,” என்கிறாள் செல்வி. வாசிக்கத் தெரியாதவளிடமிருந்து அந்த வரியை அவள் உள்ளங்கை மறைத்துக்கொண்டிருக்கிறது.